மேலே கார்! கீழே ஊர்!

கோவை மாநகரின் அவினாசி சாலையில், உப்பிலிபாளையம் தொடங்கி கோல்டுவின்ஸ் வரையில், 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் எழுந்து நிற்கிறது. அதற்கான செலவு 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதனைத் திறந்துவைத்தார். கொங்குச் சீமை ஈன்ற மேதை ஜி.டி.நாயுடுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முக்கால் மணி நேரம் விழுங்கிய வழியைப் பத்தே நிமிடத்தில் கடக்கலாம் என்றனர், கடக்கவும் செய்கின்றனர். மகிழ்ச்சி! கட்டிய பொறியாளரையும், கம்பி வளைத்துக் கலவை சுமந்த தொழிலாளரையும் வாழ்த்துவோம்.

வாழ்த்திய வாயாலேயே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு, தோழர்களே! பத்து நிமிடத்தில் கடப்பவர் யார்?

சொந்த வண்டி வைத்திருப்பவர் கடக்கிறார். விமான நிலையத்துக்கு விரைபவர் கடக்கிறார். கீழே என்ன காட்சி? லட்சுமி மில் நிறுத்தத்திலே, பீளமேட்டிலே, ஹோப் காலேஜிலே, சித்ராவிலே டவுன் பஸ்ஸை எதிர்பார்த்துச் சாலையை நோக்கியபடி நிற்கிறார்களே, அவர்கள்? "ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். "இன்னும் வருலீங்க, நானும் அரை மணியா நிக்கறனுங்க" என்று மற்றவர் சொல்கிறார். ஒருவர் கையில் தூக்குப்போசி. ஒருவர் இடுப்பில் குழந்தை. ஒருவர் கையில் மருத்துவமனைச் சீட்டு. தலைக்கு மேலே, தூணுக்கும் மேலே, கார்கள் பறக்கும் ஓசை!

மேம்பாலத்தில் டவுன் பஸ் நின்று ஆள் ஏற்ற முடியாது. ஏற வேண்டிய மக்கள் கீழே இருக்கும்போது, மேலே நின்று யாரை ஏற்றுவது? ஆகவே 1,791 கோடி ரூபாயில் டவுன் பஸ் பயணிக்கு நேராகக் கிடைத்தது பாலத்தின் நிழல் ஒன்றுதான். அந்த நிழலும் உச்சிவேளையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம்!

மேம்பாலம் கூடாது என்பதல்ல நம் வாதம். பாலம் பாதி வேலை. மீதி வேலை இன்னும் நடக்கவில்லை என்பதே நம் வாதம்.

பெயர் சூட்டினோமே, அந்தப் பெயருக்குரியவர் யார்? 1920-ஆம் ஆண்டிலே, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு மோட்டார் பஸ்ஸைத் தாமே ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி.நாயுடு. பலரை ஒரு வண்டியில் ஏற்றிச் செல்வதிலே வாழ்வைத் தொடங்கிய மேதை! அவர் பெயர் தாங்கிய பாலத்தின் அடியிலே பஸ்ஸுக்கு வழியில்லை, நிற்க இடமில்லை, ஏறுவோருக்கு நிழற்குடை இல்லை என்றால், பெயர்ப் பலகை பொன்னெழுத்தில் இருந்து பயன் என்ன?

சாலை யாருக்கு என்ற கேள்வி இந்த நாட்டுக்குப் புதியதன்று. 1924-இலே வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக மக்கள் போராடினர். நமது ஈரோட்டிலிருந்து புறப்பட்டுச் சென்று சிறை புகுந்தார் பெரியார். கேட்டது அரண்மனையையா, ஆபரணத்தையா? அல்ல, தெருவிலே நடக்கும் உரிமையை! பின்னர் மோட்டார் பஸ் வந்தது. பஸ்ஸிலும் சாதி ஏறி உட்கார்ந்தது. ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டோம் என்றனர் சில பஸ் முதலாளிகள். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஊ.பு.அ.சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவிட்டார். பட்டிவீரன்பட்டியின் அந்தச் சுயமரியாதை வீரர் அன்று தெளிவாக உணர்ந்தது இது: பஸ் வெறும் வண்டியன்று, ஆண்டையும் அடிமையும் தோளோடு தோள் உரச உட்காரும் சமத்துவப் பலகை!

அந்த வழியிலேதான் 1972-இல் தனியார் பஸ்கள் அரசுடைமையாயின. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், நம் கொங்கு மண்ணுக்குச் சேரன் போக்குவரத்துக் கழகம். லாபம் வரும் தடத்தில் மட்டுமே ஓடிய சக்கரம், கலெக்ஷன் குறைந்த குக்கிராமத்துக்கும் திரும்பியது. அந்த வழியிலேதான் 2021 மே மாதத்தில் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பவுண்டரியில் மண் சலிக்கும் பெண், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண், இவர்கள் கையில் மாதந்தோறும் சில நூறு ரூபாய் மிஞ்சியது.

தெருவில் நடக்கும் உரிமை பெற்றோம். பஸ்ஸில் ஏறும் உரிமை பெற்றோம். காசில்லாமல் ஏறும் உரிமையும் பெண்கள் பெற்றனர். ஆனால், ஏறிய பஸ் நகர வேண்டாமா? கார்க் கூட்டத்தின் நடுவே யானைக்குட்டி சேற்றில் சிக்கியதுபோல் அது நின்று திணறுகிறதே! சாதிக் கொடுமையும் சாலை நெரிசலும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடியிலே உள்ள கேள்வி ஒன்றுதான்: பொதுச் சாலையில் முதலிடம் யாருக்கு?

கணக்குப் பார்ப்போம். கணக்குக் கேட்பது கழகத்தானின் பழக்கமல்லவா?

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் கார் வைத்திருப்பவை ஏழெட்டுத்தான். மீதித் தொண்ணூற்றிரண்டு குடும்பங்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் சாலையாகிறது, பாலமாகிறது. தீப்பெட்டி வாங்கினாலும் வரி, சோப்புக்கட்டி வாங்கினாலும் வரி. கொடுப்பவர் நூறு பேர்; சாலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்பவர் எட்டுப் பேர்!

ஒரு பஸ்ஸின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அதிலே உட்கார்ந்தும் நின்றும் 60 பேர் போகிறார்கள். ஒரு காரின் நீளம் 4 மீட்டர். அதிலே போகிறவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். காருக்கு இரண்டு பேர் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த 60 பேருக்கு 30 கார் வேண்டும். முட்டாமல் நிறுத்தினாலே 120 மீட்டர் சாலை போயிற்று. இடைவெளி விட்டு ஓட்டினால் அதைப்போல் இரு மடங்கு. பத்தடி அகலமுள்ள ஒரு தடத்தில், கார் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே தடத்தைப் பஸ்ஸுக்கென்றே ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம் என்று உலக நகரங்களின் போக்குவரத்து வல்லுநர்கள் அளந்து சொல்லியிருக்கின்றனர். இடம் அதே இடம். தார் அதே தார். சுமக்கும் தலைகள்தாம் ஐந்து மடங்கு!

நாம் எண்ண வேண்டியது வண்டிகளையா, மனிதர்களையா? "இந்தச் சந்திப்பில் மணிக்கு இத்தனை ஆயிரம் வாகனம் கடக்கிறது" என்று கணக்கு எழுதுகிறார்கள். அறுபது பேரோடு வரும் பஸ்ஸும் அந்தக் கணக்கில் ஒரு வாகனம்தான். ஒற்றை ஆளோடு வரும் காரும் ஒரு வாகனம்தான். மனிதனை விட்டுத் தகரத்தை எண்ணும் கணக்கு, மக்களாட்சியின் கணக்காகுமா?

தகரத்தை எண்ணியதால் விளைந்ததை நம் கண்ணெதிரே கண்டோம். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனையொட்டி இதே அவினாசி சாலை அகலப்படுத்தப்பட்டது. இனி நெரிசல் தீர்ந்தது என்றனர். தீர்ந்ததா? பத்தே ஆண்டில், 2020-இல், அதே சாலைக்கு மேலே பாலம் கட்ட அடிக்கல் நாட்டினர்! அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை விரித்து விரித்து, சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடமாக்கி 2008-இல் முடித்தனர். 2014-க்குள் காலை மாலை நெரிசல் மறுபடி முற்றிவிட்டது. அகலம் கூடக் கூடக் கார் கூடும். உப்புத் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்த்தவர் உண்டோ?

"நாடு வளர்ந்தால் எல்லோரும் கார் வாங்குவார்கள், கார்தானே முன்னேற்றத்தின் அடையாளம்?" என்று கேட்பவர் உண்டு. நம்மைவிடப் பன்மடங்கு செல்வம் கொழிக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். நம் தமிழர் பல தலைமுறையாக உழைத்து உயர்த்திய ஊர் அது. 1975-லேயே நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் காருக்குக் கட்டணம் வைத்தது. 1987-இல் நகர ரயிலை ஓடவிட்டது. தென்கொரியாவின் சியோல் நகரையும் பாருங்கள். ஓடையை மூடி அதன்மேல் எழுப்பியிருந்த உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையில் மீண்டும் தண்ணீரை ஓடவிட்டனர். இடையே 2004-இல் பஸ் தடங்களையெல்லாம் சீரமைத்துச் சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனிப் பாதை தந்தனர். ஏழைகள் இல்லாத ஊரா, கார்கள் இல்லாத ஊரா? அல்ல! பணக்காரனும் பஸ்ஸில் ஏறும்படி பஸ்ஸை உயர்த்திய ஊர்கள்!

நம் நாட்டிலும் முயன்று பார்த்தார்கள். 2008-இல் டெல்லியில், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கினர். கார்க்காரர்களுக்கு வந்ததே கோபம்! வழக்கு மன்றம் ஏறினர். அங்கே வைத்த வாதத்தைக் கேளுங்கள்: காரில் செல்வோர் நாட்டின் செல்வத்தை உண்டாக்குவோராம், அவர்களைச் சாலையில் காக்கவைப்பது தகாதாம்!

கோவைத் தொழிலாளிக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் நெஞ்சு எரியும். செல்வத்தை உண்டாக்கியவர் யார்? பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்ததே இந்த ஊர், அங்கே நூல் இழுத்த கை யாருடைய கை? கணபதியிலும் குறிச்சியிலும் உலையின் எதிரே நின்று இரும்பை வார்ப்பவர் காரிலா வருகிறார்? பம்ப்செட்டும் கிரைண்டரும் திசையெல்லாம் போகின்றன. செய்தவர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்! 2012 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் வழக்கில் தோற்றவர்கள் ஆட்சியாளரின் காதிலே வென்றனர். அந்தப் பாதையின் அமைப்பில் குறை இருந்தது உண்மை. நிறுத்தங்கள் சாலையின் நடுவே; நடந்து கடப்பவருக்குத் தக்க வசதி இல்லை. குறையைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை, 2016-இல் பாதையையே பெயர்த்தெறிந்தனர். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதை!

பஸ் வராத ஊரில் தொழிலாளி என்ன செய்கிறார்? தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போகும். இரவு ஷிப்டு முடிந்தால் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். ஆசையால் வாங்கிய வண்டியன்று அது. வேறு வழியில்லாமல் வாங்கிய வண்டி! அதற்கு அவர் தரும் விலை தவணைப் பணம் மட்டுமா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். மூன்றில் இரண்டு பிணம், காரும் இல்லாமல் பஸ்ஸும் கிடைக்காமல் சாலைக்கு வந்தவருடைய பிணம்! நெரிசல் என்பது நேரக் கணக்கு மட்டுமல்ல, தோழர்களே. அது உயிர்க் கணக்கு.

"பஸ் நட்டத்தில் ஓடுகிறதே" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. அவர்களை ஒன்று கேட்போம். மேம்பாலம் ஆண்டுக்கு எத்தனை ரூபாய் லாபம் தருகிறது? அதில் செல்லும் காரிடம் சுங்கம்கூட வாங்கவில்லையே! 1,791 கோடியும் கல்லாகிக் கம்பியாகி நிற்கிறது. அதனை நட்டம் என்று எவரும் எழுதவில்லை, 'கட்டமைப்பு' என்றனர். பஸ்ஸுக்குத் தரும் பணம் மட்டும் நட்டமாம், சுமையாம், இலவசமாம்! ஒரு கிலோமீட்டர் பாலத்தின் விலை 177 கோடி ரூபாய். பஸ் ஒன்றின் விலை ஒரு கோடி என்று உயர்த்தியே மதிப்பிட்டாலும், ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு 177 பஸ் வரும். காருக்குக் கொடுத்தால் கட்டமைப்பு. பாட்டாளிக்குக் கொடுத்தால் இலவசம். நல்ல அகராதி!

"கார்த் தொழிலால் கோவையின் பட்டறைகள் பிழைக்கின்றனவே" என்பர் வேறு சிலர். உண்மை, உதிரிப் பாகங்களால் பல ஆயிரம் அடுப்பு எரிகிறது. பஸ்ஸுக்கு மட்டும் பாகம் வேண்டாமா? நம் கொங்கு மண்ணின் கரூரிலே பஸ் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றனவே! ஆயிரம் புதிய பஸ் வாங்கினால் கரூரில் சுத்தியல் ஓசை கேட்கும்; கோவையில் லேத் சுழலும். பஸ் பெருகினால் பட்டறை மூடப்படும் என்பது பட்டறை வாசலை மிதிக்காதவர் சொல்லும் சொல்.

அடுத்து, மெட்ரோ ரயில். அவினாசி சாலையிலும் சத்தி சாலையிலும் 34.8 கிலோமீட்டருக்கு, 10,740 கோடி ரூபாயில் மாநில அரசு திட்டம் தீட்டி அனுப்பியது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அதைத் திருப்பி அனுப்பிற்று. சொன்ன காரணங்களில் முதன்மையானது, 2011 கணக்கெடுப்பின்படி 20 லட்சம் மக்கள் இல்லை என்பது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை உரிய காலத்தில் எடுக்காதவர்கள், பழைய பேரேட்டைப் புரட்டிப் பதில் எழுதுகிறார்கள்! அந்தப் பேரேட்டிலும், புறநகரையும் சேர்த்த கோவைத் தொகுதியின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். அதே கணக்கில் 18 லட்சத்தைத் தொடாத ஆக்ராவில் 2024-இலேயே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. ஆக்ராவுக்கு ஒரு முழம், கோவைக்கு ஒரு முழமா? இந்த ஓரவஞ்சனையை எதிர்ப்போம். மெட்ரோவைக் கேட்டுப் பெறுவோம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மெட்ரோவுக்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டும், கடன் வேண்டும், கட்டி முடிக்கப் பல ஆண்டு வேண்டும். பஸ் பாதைக்கு என்ன வேண்டும்? சாலையில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் காக்க ஒரு போலீஸ்காரர் வேண்டும். கிழிக்கும் துணிவு வேண்டும். டெல்லியைக் கெஞ்ச வேண்டியதில்லை!

அதற்கு ஏற்ற காலம் இதுவே. விரைந்து போகும் வண்டிகளை மேலே அனுப்பிவிட்டோம். கீழே காலியான இடத்தை யாருக்குத் தருவது? சும்மா விட்டால் நாலு ஆண்டில் கீழேயும் கார் நிறையும். பாதி இடத்தில் நிறுத்திவைத்த காரும் நிறையும். மேலேயும் காருக்கு, கீழேயும் காருக்கு என்றால், மக்களுக்கு எங்கே? ஆகாயத்திலா?

எனவே நாம் கேட்பது இது. பாலத்தடியில், உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை, இரு திசையிலும் ஒவ்வொரு தடத்தைப் பஸ்ஸுக்கென்றே ஒதுக்குக! ஒவ்வொரு நிறுத்தத்திலும் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் நிழற்குடை அமைத்திடுக! நடைபாதையை நடப்பவருக்கே விடுக. கிழவியும் பள்ளிப் பிள்ளையும் பயமின்றிச் சாலையைக் கடக்க வழி செய்க! ஷிப்டு மாறும் நேரத்துக்கு ஏற்ப டவுன் பஸ்ஸை விடுக. இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கும் பஸ் உண்டு என்ற நிலை வருக! கிராஸ்கட் சாலையிலும் ஒப்பணக்கார வீதியிலும் பொது இடத்தில் காரை நிறுத்துவோரிடம் அந்த இடத்துக்குரிய வாடகையை வாங்குக. வாங்கிய பணத்தைப் பஸ்ஸுக்கே செலவிடுக!

இவை நடக்க, கோட்டைக்கு மனு மட்டும் போதாது. கிளைக்கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. காலை எட்டு முதல் ஒன்பது வரை, உங்கள் பகுதிப் பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். எத்தனை பஸ் வந்தது, எத்தனை பேர் ஏறினர், ஏற முடியாமல் எத்தனை பேர் நின்றனர், எத்தனை கார் போயிற்று, அதில் எத்தனை பேர் இருந்தனர் என்று எண்ணி எழுதுங்கள். ஒரு வாரம் எழுதுங்கள். அந்தத் தாளோடு மாமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். அவர் எந்தக் கட்சியினராயினும் செல்லுங்கள். நம் கட்சியினரானால் முதலில் செல்லுங்கள்! தகரத்தை எண்ணும் கணக்குக்கு எதிராக மனிதரை எண்ணும் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.

அன்று தெருவைக் கேட்டோம், பெற்றோம். பஸ்ஸைக் கேட்டோம், பெற்றோம். இன்று அந்தப் பஸ் ஓடுவதற்குப் பத்தடி அகலப் பாதை கேட்கிறோம். பிச்சை கேட்கவில்லை, நம் வரிப்பணத்தில் போட்ட சாலையில் நமக்குரிய பங்கைக் கேட்கிறோம்.

சாலை பொதுச் சொத்து! பலரைச் சுமப்பதற்கே அதில் முதல் இடம்!